ஆறுமணிக்குருவி என் அலர்ட்டில் வருவதே இல்லை, ஏன்?

அடையாறுக்காரி:
வணக்கம். போன அக்டோபரில் பக்கத்துத் தெரு வீட்டு மாடிப்படியில் ஓர் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் உட்கார்ந்திருந்ததாம். எனக்குச் சேதி வருவதற்குள் பறந்துவிட்டது. இந்த வருஷமாவது பார்த்துவிட வேண்டும் என்று, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் கணக்கு தொடங்கி, சென்னை மாவட்டத்துக்கு ரேர் பேர்ட் அலர்ட் (அரிய பறவை தென்பட்டால் வரும் மின்னஞ்சல்) போட்டேன். மூன்று வாரமாக மின்னஞ்சல் வருகிறது, ஆனால் இந்தக் குருவி அதில் ஒருநாளும் இல்லை. தெரிந்த ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்து, தான் பார்த்த பறவைகளின் பட்டியலையும் அதில் ஏற்றியிருக்கிறார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

வலசைப்பித்தன்:
அலர்ட் தினமும் ஒருமுறை வருகிறதா? மணிக்கு ஒருமுறை என்று மாற்றிப் பாருங்கள் அக்கா.

ஏரிக்கரை:
அதனால் சரியாகாது தம்பி. அடிக்கடி வரும், அவ்வளவுதான். அந்தக் குருவி அப்போதும் வராது.

அங்கே 'அரிது' என்பதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. எந்த மாதத்தில் எந்தப் பறவை, எத்தனை வரை தென்படலாம் என்று பகுதிவாரியாக ஒரு வடிகட்டி உண்டு. அந்த மாதத்தில் அங்கே எதிர்பாராத பறவை என்று அது காட்டுபவைதான் அந்த அலர்ட்டுக்குப் போகும். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும். குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். வரும் வழியில் அக்டோபர் வாக்கில் சென்னைத் தோட்டங்களில் இறங்குவது வழக்கம்தான். புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதால் நம் கண்ணுக்குச் சிக்குவதில்லை. நமக்குத்தான் அது அரிது, வடிகட்டிக்கு இல்லை.

அதே அலர்ட்ஸ் பக்கத்தில் நீட்ஸ் அலர்ட் என்று இன்னொன்று இருக்கிறது. நீங்கள் இன்னும் பதிவு செய்யாத பறவையை யாராவது பார்த்தால் அது சொல்லும். அதைப் போடுங்கள்மா.

அடையாறுக்காரி:
போட்டேன் அக்கா. இன்று காலை வந்த மின்னஞ்சலில் காக்கை, மைனா, கொண்டைக்குருவி என்று முடிவே இல்லாமல் போகிறது. ஆறுமணிக்குருவியைத் தேடுவதற்குள் கண் வலிக்கிறது.

ஏரிக்கரை:
இதுவரை எத்தனை பட்டியல் ஏற்றியிருக்கிறீர்கள்? இரண்டு மூன்றுதான் என்றால் காக்கைகூட உங்களுக்குப் 'பார்க்காத பறவை'தான். வீட்டு மாடியில் பதினைந்து நிமிடம் நின்று கண்ணில் படுவதையெல்லாம் ஒரு வாரம் ஏற்றுங்கள், பாதி குறைந்துவிடும். பழைய நோட்டு இருந்தால் அதையும் உரிய தேதியோடு ஏற்றலாம். நேரம், தூரம் நினைவில்லாத பறவை நோக்கலுக்கு ஹிஸ்டாரிக்கல் என்று ஒரு வகை இருக்கிறது.

ஒரே ஒரு பறவைதான் வேண்டும் என்றால் இன்னும் சுலபமான வழி ஸ்பீசிஸ் மேப், அதாவது அந்தப் பறவை எங்கெங்கே தென்பட்டது என்று காட்டும் வரைபடம். எக்ஸ்ப்ளோர் பக்கத்தில் அதைத் திறந்து, ஆறுமணிக்குருவியின் ஆங்கிலப் பெயரான இந்தியன் பிட்டா என்று தேடுங்கள். முதலில் ஊதாக் கட்டங்கள்தான் தெரியும். சென்னையை நன்றாகப் பெரிதாக்கினால் இடக்குறிகள் வரும். சிவப்புக் குறி என்றால் கடந்த 30 நாளுக்குள் பார்த்தது. அதைத் தொட்டால் தேதியும் பட்டியலும் திறக்கும். வலசைக் காலத்தில் நான் தினமும் காலையில் இதைத்தான் பார்க்கிறேன்.

மரநிழல்:
ஒரு வேண்டுகோள். சிவப்புக் குறியைப் பார்த்துப் போகிறவர்கள் கைபேசியில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். இரவெல்லாம் பறந்து வந்து பசியோடு இறங்கிய பறவை அது. அப்புறம், குறி யாருடைய வீட்டுத் தோட்டத்திலாவது இருந்தால் கேட்காமல் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்குள்ளேயே களைத்து விழுந்து கிடந்தால், காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். பூனை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் பொழுது சாயும்போது மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம்.

அடையாறுக்காரி:
வரைபடம் திறந்துவிட்டது அக்கா! கிண்டிப் பக்கம் இரண்டு சிவப்புக் குறி. ஒன்று நான்கு நாளைக்கு முன்னால் பார்த்தது, காலை 6.10 என்று பட்டியலில் இருக்கிறது. பொது இடம்தான். நாளை ஐந்தரைக்கே கிளம்புகிறேன். குரல் எதுவும் போட மாட்டேன், உட்கார்ந்து காத்திருக்கப் போகிறேன்.