சீனத் தச்சுக் கருவிகளின் தரம் உண்மையிலேயே உயர்ந்திருக்கிறதா?

கேள்வி (பள்ளி ஆசிரியர், திருச்சி)

வணக்கம். நான் தொழில்முறைத் தச்சன் அல்லன். விடுமுறை நாட்களில் வீட்டுக்கு வேண்டிய பலகை, முக்காலி, புத்தக அலமாரி ஆகியவற்றை நானே செய்துகொள்கிறேன். 2010இல் நான்கு உளிகள் அடங்கிய சீனத் தயாரிப்புப் பெட்டி ஒன்றைச் சென்னையில் வாங்கினேன். பழைய தேக்குச் சட்டத்தில் துளை எடுக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இரண்டு உளிகளின் முனை மடங்கிவிட்டது. எத்தனை முறை தீட்டினாலும் அதே கதைதான். அன்றிலிருந்து சீனக் கருவி என்றாலே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

2022இல் நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் சீனாவில் செய்யப்பட்ட 4ஆம் எண் அளவுள்ள இழைப்புளி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அலகை ஒரு முறை தீட்டிப் பூவரசுப் பலகையில் ஓட்டியபோது, வெங்காயத் தோல் போல ஒளி ஊடுருவும் சீவல் வந்தது. அந்த மகிழ்ச்சியில் அதே பெயருள்ள 5ஆம் எண் இழைப்புளியைச் சென்ற ஆண்டு அதே விற்பனையாளரிடம் வாங்கினேன். அதன் அடிப்பகுதியில் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தால் அலகு வெளிவரும் வாயின் அருகே குழிந்திருக்கிறது, இடைவெளி அளக்கும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு தாராளமாக நுழைகிறது. திருப்பி அனுப்பும் காலமும் கடந்துவிட்டது.

ஒரே பெயர், ஒரே விற்பனையாளர், இரண்டு ஆண்டு இடைவெளி; ஆனால் இரண்டு வேறு தரம். சீனக் கருவிகளின் தரம் உயர்ந்துவிட்டது என்று பலரும் சொல்வதை நம்புவதா, அல்லது நல்லதொன்று கையில் கிடைப்பது வெறும் வாய்ப்புதானா? இப்போது புதிதாக உளிகள் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (தச்சுப் பட்டறை நடத்துபவர், காரைக்குடி)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பழைய உளிகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவற்றை நீங்கள் இன்னும் முழுமையாகச் சோதிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உளியின் முனை மடங்கினால் எஃகு மென்மையாக இருக்கிறது. பல் பல்லாக உதிர்ந்தால் அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் எஃகின் வகை அன்று, தோய்ச்சல்தான். கரி (கார்பன்) எஃகைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்த பின், மறுபடியும் 200 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலே சூடாக்கிப் பதம் இறக்குவார்கள். எங்கள் ஊர்க் கொல்லர் இதை நிறம் பார்த்தே செய்வார்: இளம் வைக்கோல் நிறம் வந்தவுடன் எடுத்துவிடுவார், நீலம் ஓடும்வரை விட்டால், அந்த உளி மரத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார். ஆலையில் இதே வேலை உலையில் நடக்கிறது. பதம் சரியாக இருந்தாலும், பிறகு முனையை இயந்திரச் சாணையில் வேகமாகச் சரிக்கும்போது மெல்லிய நுனி எரிந்து அந்தப் பதம் இறங்கிவிடுவது உண்டு. உள்ளே இருக்கும் எஃகு நன்றாக இருந்தும் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கெட்டுப்போயிருக்கலாம்.

ஆகவே பழைய உளிகளின் நுனியில் 3 மி.மீ. அளவுக்கு, அடிக்கடி நீரில் தோய்த்துக்கொண்டு, நிதானமாகத் தேய்த்து எடுத்துவிட்டு மீண்டும் தீட்டிப் பாருங்கள். அதன் பின் முனைக்குச் சற்று மேலே புதிய அரத்தால் மெல்ல ஒரு முறை இழுங்கள். அரம் வெண்ணெயில் இறங்குவது போலக் கடித்தால் அந்த உளி பயன்படாது. அரம் வழுக்கிக்கொண்டு அரைகுறையாகப் பற்றினால் அது நல்ல பதம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இணையத்தில் வெளிநாட்டவர் எழுதும் மதிப்புரைகள் பலவும் பைன் போன்ற மென்மையான மரங்களை வெட்டிப் பார்த்து எழுதப்படுகின்றன. நாம் வேலை செய்வது தேக்கில். தேக்கின் நாருக்குள் மணற்சத்தான சிலிக்கா இருப்பதால் எந்த முனையும் விரைவில் மழுங்கும். பைனில் நாள் முழுதும் தாங்கிய உளி நம் கையில் ஒரு மணி நேரத்தில் தீட்டுக்கல்லைத் தேடினால், அதைக் கருவியின் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது.

மறுமொழி 2 (கருவி இறக்குமதி நிறுவனமொன்றில் கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சிங்கப்பூர்)

ஐயாவின் கேள்விக்கு நான் பார்த்தவற்றைக் கொண்டு பதில் சொல்கிறேன். சீனத் தயாரிப்பு என்பது ஒரு தரம் அன்று. அது ஓர் இடத்தின் பெயர் மட்டுமே. ஆலை தன் விருப்பப்படி ஒரு பொருளைச் செய்து உலகுக்கு விற்பதில்லை. வாங்குபவர் விலையையும் விவரக் குறிப்பையும் கொடுக்கிறார். எந்த எஃகு, கடினம் ராக்வெல் அளவுகோலில் எத்தனை, அடிப்பகுதியில் எவ்வளவு பிசகு அனுமதிக்கப்படும், நூறில் எத்தனையைச் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும், அல்லது இருக்காது. தாளில் இல்லாத ஒன்றை ஆலை தன் செலவில் செய்து தராது. ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் ஓடும் இரண்டு வரிசைகளில் ஒன்று மிக நன்றாகவும் மற்றொன்று மட்டமாகவும் வெளியேறுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். உங்களுடைய இரண்டு இழைப்புளிகளுக்கு இடையிலும் விற்பனையாளர் ஆலையை மாற்றியிருக்கலாம், அல்லது அதே ஆலையில் விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம். பெட்டியின் மேல் உள்ள பெயர் அதைக் காட்டாது.

ஆயினும் கடந்த 20 ஆண்டுகளில் ஆகச் சிறந்த தரம் வெகுவாக உயர்ந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சீனாவின் குவாங்ஷெங் நிறுவன இழைப்புளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் லூபான், ஜூமா போன்ற பெயர்களிலும் இவை விற்கப்படுகின்றன. (லூபான் என்பவர் சீனத் தச்சர்கள் தங்கள் தொழிலின் ஆதி குருவாக வணங்கும் பழங்காலக் கைவினைஞர்.) ஸ்டான்லி நிறுவனம் 1890களின் இறுதியில் கொண்டுவந்த பெட்ராக் வடிவமைப்பையே இவை பின்பற்றுகின்றன, அலகைத் தாங்கும் ஃபிராக் அதில் அகலமாகவும் முழுமையாகவும் உடலோடு பொருந்தி உட்கார்வதால் கடின மரத்திலும் அலகு அதிராது. 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட லீ நீல்சன் இழைப்புளி நிறுவனம் எடுத்துக்கொண்டதும் அதே வடிவமைப்புதான். நூறாண்டு பழைய ஒரு நல்ல வரைபடத்தைத் தடித்த அலகோடும் நவீன இயந்திரத்தோடும் சேர்த்தால் விலை குறைவாகவும் வேலை நிறைவாகவும் அமைகிறது. புதிய வடிவமைப்பை உருவாக்குவதற்கான செலவை வேறொருவர் ஏற்கெனவே செய்துவிட்டார் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

உளி வாங்கும்போது எஃகின் பெயரைக் கேளுங்கள். டி10 என்றால் ஏறத்தாழ 1 விழுக்காடு கரி கொண்ட எளிய எஃகு. நன்றாகத் தோய்ந்திருந்தால் மிகக் கூர்மையான முனை கிடைக்கும், கல்லிலும் எளிதில் தீட்டலாம். 65எம்என் அடிப்படையில் வில் எஃகு. அதில் கரி 0.65 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் அடியைத் தாங்கும், ஆனால் கூர்மையை நெடுநேரம் காக்காது. குரோமியம் 12 விழுக்காட்டை நெருங்கும் சிஆர்12எம்ஓவி நெடுநேரம் தேயாது, ஆனால் அதைத் தீட்டுவதற்குள் கை சோர்ந்துவிடும். ‘குரோம் வனேடியம்’ என்று மட்டும் பொறித்திருந்தால் அதிலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. ஸ்பேனர்களையும் அந்த வகை எஃகில்தான் செய்கிறார்கள். எஃகின் பெயரையும் கடினத்தின் அளவையும் எழுத்தில் தரும் விற்பனையாளர், குறைந்தது அவற்றைத் தம் கொள்முதல் தாளில் எழுதியவராவது இருப்பார்.

இந்த ஏற்ற இறக்கம் சீனாவுக்கு மட்டும் உரியதும் அன்று. 1980களில் தைவானிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற தச்சு இயந்திரங்களைப் பற்றி அங்குள்ளவர்கள் இதே குறைகளைத்தான் சொன்னார்கள். இன்று தைசுங் வட்டாரத்து இயந்திரம் என்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மறுமொழி 3 (வார்ப்பாலையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர், கோயம்புத்தூர்)

எஃகைப் பற்றிப் பெரியவர்கள் இருவரும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆசிரியரின் 5ஆம் எண் இழைப்புளியின் குழி வார்ப்பு சம்பந்தப்பட்டது என்பதால் நான் எழுதுகிறேன்.

வார்ப்பிரும்பு அச்சுக்குள் ஆறும்போது மெல்லிய பக்கச் சுவர்கள் முதலிலும் தடித்த பகுதிகள் பிறகும் இறுகுகின்றன. அந்த இழுபறி உள்ளழுத்தமாகத் தங்கிவிடும். வார்த்த உடனே அடியை இயந்திரத்தில் சமப்படுத்தினால், தோல் நீங்கியதும் அடங்கிக் கிடந்த அழுத்தம் விடுபட்டு வார்ப்பு மெல்ல நெளியும். ஆலையை விட்டுப் போகும்போது தட்டையாக இருந்தது கப்பலிலோ உங்கள் அலமாரியிலோ குழிந்துவிடலாம். இதைத் தவிர்க்கும் வழி பழையது: முன்பு வார்ப்புகளை மாதக்கணக்கில் வெட்டவெளியில் போட்டுவைப்போம். இப்போது 500 முதல் 600 டிகிரி வரை சூடாக்கி, தடிப்புக்கு ஏற்ற நேரம் வைத்திருந்து, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுகிறோம். அதற்கு எரிபொருளும் நேரமும் செலவாகும். விலை குறைக்கச் சொன்னால் முதலில் கைவிடப்படும் படி இதுதான், ஏனெனில் வாங்குபவரின் கண்ணுக்கு அது தெரியாது. மெருகும் பெட்டியும் கைப்பிடியின் வழவழப்பும் குறையாமலே இருக்கும்.

நல்ல சீன இழைப்புளிகளில் இப்போது சாதாரண வார்ப்பிரும்புக்குப் பதிலாக மக்னீசியம் சேர்த்து வார்க்கும் எஸ்.ஜி. இரும்பைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கரி தகடு தகடாக இல்லாமல் உருண்டையாக அமைவதால், மேசையிலிருந்து கீழே விழுந்தாலும் எளிதில் விரிசல் விடாது. ஆனால் எஸ்.ஜி. இரும்புக்கும் உள்ளழுத்தம் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

உடனே உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்திவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இன்றைய அளவைக் குறித்து வையுங்கள். சில மாதங்கள் கழித்து, அலகை அதே இறுக்கத்தில் பூட்டி மீண்டும் அளந்து பாருங்கள். மாறவில்லையென்றால் வார்ப்பு அடங்கிவிட்டது, தேய்க்கலாம். மாறியிருந்தால் காத்திருங்கள், இன்று சமப்படுத்தினால் நாளை மீண்டும் குழியும். கரடு நீக்கும் வேலைக்கு அதுவரை அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மறுமொழி 4 (உள் அலங்கார வேலை ஒப்பந்ததாரர், மதுரை)

மின்கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே தரம் உயர்ந்ததற்குக் காரணம் வேறு. 1985இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட டெக்ட்ரானிக் நிறுவனம் 2005இல் அமெரிக்காவின் மில்வாக்கி மின்கருவி நிறுவனத்தை வாங்கியது. சீனாவின் நான்ஜிங்கைச் சேர்ந்த செர்வான் நிறுவனம் பின்னர் ஸ்கில் என்ற மின்கருவிப் பெயரை வாங்கியது. பிறருக்குச் செய்து கொடுத்துக் கற்றவர்கள் அந்தப் பெயர்களுக்கே உரிமையாளர்களாகிவிட்டார்கள். ஆனால் மரத்தில் பள்ளமும் விளிம்பும் செதுக்கும் பெயரில்லாத மலிவு ரூட்டர்களில் நான் முதலில் பார்ப்பது, வெட்டும் பிட்டைப் பிடிக்கும் கோலெட்டைத்தான். அது பிட்டைச் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் மரம் மட்டும் அன்று, கையும் போகும். உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்காத கருவியை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை, ஏனெனில் மோட்டாரின் ஒரு கார்பன் பிரஷ் தேய்ந்ததற்காக வேலையை நிறுத்திவைக்க என்னால் இயலாது.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. காரைக்குடி ஐயா சொன்னபடி நான்கு பழைய உளிகளையும் 3 மி.மீ. தேய்த்து எடுத்தேன், ஒரு ஞாயிறு முழுதும் ஆயிற்று. முன்பு மடங்கிய இரண்டில் ஒன்று இப்போது தேக்கில் ஐந்து துளைகள் எடுத்த பின்பும் முனை குலையாமல் இருக்கிறது. மற்றொன்றில் அரம் அடிவரை கடிக்கிறது, அதைக் கைவிட்டுவிட்டேன். அன்று நான் பயன்படுத்தாமலே வைத்த இரண்டும் நல்ல பதத்தில் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாக மூன்று நல்ல உளிகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

புதிய உளிகளுக்காக மூன்று விற்பனையாளர்களுக்கு எஃகின் பெயரையும் கடினத்தையும் கேட்டு எழுதினேன். இருவர் ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் பதில் அனுப்பினார்கள். ஒருவர் டி10 என்றும் ராக்வெல் 60 என்றும் எழுதியிருக்கிறார். அவரிடம் முதலில் முக்கால் அங்குல உளி ஒன்றை மட்டும் வாங்கப்போகிறேன். 5ஆம் எண் இழைப்புளியின் அடியை மூன்று இடங்களில் அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி அதன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பொங்கல் விடுமுறையில் மீண்டும் அளந்து இங்கே எழுதுகிறேன்.