சேமிக்கும் மின்சாரத்துக்குப் பணம்: பஞ்சாபின் நிலத்தடி நீர் தப்புமா?

கரிசல்மண்:
வணக்கம். பம்புசெட் மின்சாரம் இலவசமாக உள்ள பஞ்சாபில், நீரைச் சேமிக்கும் உழவர்களுக்குப் பணம் தரும் ‘பானி பச்சாவோ, பைசா கமாவோ’ திட்டம் 2018இல் தொடங்கப்பட்டது. தண்டனையும் கட்டணமும் இல்லாமல் ஊக்கத்தொகையால் மட்டுமே நிலத்தடி நீரைக் காக்க முடியுமா? இங்கே தமிழ்நாட்டிலும் பம்புசெட் மின்சாரம் இலவசம் என்பதால் கேட்கிறேன்.

வாய்க்கால்:
ஐயா, முதலில் அதன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். விருப்பத்தோடு சேரும் உழவரின் மோட்டாருக்கு மீட்டர் பொருத்தி, அதன் குதிரைத்திறனுக்கு ஏற்ப யூனிட் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவரது வங்கிக் கணக்கில் சேரும். கூடுதலாகச் செலவழித்தாலும் கட்டணம் கிடையாது. மீட்டர் வந்தால் பின்னாலேயே கட்டணமும் வரும் என்ற அச்சம் உழவர்களிடம் ஆழமாக இருப்பதால், இந்த உறுதிமொழியே திட்டத்தின் உயிர். மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரில் விடப்பட்ட மோட்டாரை, வயலுக்குப் போதுமானவுடன் நிறுத்துவதற்கு இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

நீரோட்டம்:
வாய்க்கால் சொல்வது சரி, ஆனால் எதிர்த்திசையில் இழுக்கும் ஊக்கத்தொகையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பஞ்சாபில் நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையும் அரசுக் கொள்முதலும் உறுதியாக இருக்கின்றன. மக்காச்சோளத்துக்கோ பருப்புக்கோ அந்த உறுதி இல்லை. யூனிட்டுக்கு 4 ரூபாய் கொடுத்தால் நெல் வயலில் வீணாகும் நீர் குறையலாம், நெல் குறையாது. பக்கத்து ஹரியானா 2020இல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறுவோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் அறிவித்தது. சிக்கலின் வேரைத் தொடுவது அதுதான் என்பது என் உறுதியான கருத்து, மாற்றுப்பயிரை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருந்தால்.

இன்னொன்று: வயலில் பாயும் நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்துக்குள் இறங்குகிறது. ஆகவே மிச்சமான மின்சாரம் முழுவதும் மிச்சமான நிலத்தடி நீர் ஆகிவிடாது.

களத்துமேடு:
சட்டத்தால் மட்டும் சாதித்துவிடலாம் என்பவர்கள் பஞ்சாபின் 2009ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கோடை வெயிலில் ஆவியாகும் நீரைக் குறைக்க, ஜூன் 10க்கு முன் நெல் நடவு செய்யக் கூடாது என்றும், மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம் என்றும் அது விதித்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு முன் கிடைக்கும் நாட்கள் சுருங்கின. வயலை விரைவாகக் காலிசெய்ய வைக்கோலை எரிப்பது அக்டோபர் கடைசிக்கும் நவம்பருக்கும் நகர்ந்து, காற்று தேங்கும் பருவத்தில் டெல்லி வரை புகை சூழ்வதற்கு அதுவும் ஒரு காரணமானது. நீரைக் காக்கும் விதி காற்றைக் கெடுத்த இந்த அனுபவத்துக்குப் பிறகாவது, வைக்கோலை எரிக்காமல் மடக்கி உழுபவருக்கும் நீரைச் சேமிப்பவருக்கும் ஒரே திட்டத்தில் பணம் தர வேண்டும்.

கரிசல்மண்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் இங்கே மீட்டரைப் பற்றிப் பேசும் முன், நெல்லுக்கு மாற்றாகப் பயிரிடுவதைக் கொள்முதல் செய்வது யார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.