விற்பனைக்கான வீட்டைக் கைப்பேசியிலேயே படமெடுக்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டைத் தரகர் இல்லாமல் நாங்களே விற்க முயன்று வருகிறோம். விளம்பரத்துக்காக எடுத்த படங்களில் கூடம் இருண்டும், சன்னல் மட்டும் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டதுபோல வெளிறியும் தெரிகின்றது. அறை முழுவதும் அடங்கட்டும் என்று கைப்பேசிக் கேமராவின் அகன்ற காட்சிக்கான 0.5 அளவில் எடுத்திருந்தேன்; பார்க்க வந்த இருவருமே வாசலில் நின்றபடி, "படத்தில் பெரிதாக இருந்ததே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தொழில்முறைப் படக்கலைஞரைத்தான் அழைக்க வேண்டுமா?

மறுமொழி 1:
கைப்பேசியே போதும், ஐயா. கோளாறு அந்த 0.5-இல் இருக்கிறது. அந்த அகலக்கோண லென்ஸ் அருகிலிருப்பதைப் பெருக்கி, எதிர்ச்சுவரைத் தொலைவுக்குத் தள்ளிவிடும். படத்தின் ஓரத்தில் வரும் நாற்காலி பிடித்து இழுத்ததுபோல நீளும். 1 என்ற அளவுக்கு மாற்றி, அறையின் மூலையில் முதுகை ஒட்டி நின்று, கைப்பேசியை நெஞ்சுயரத்தில் நேராகப் பிடியுங்கள். சற்றே மேலோ கீழோ சாய்ந்தாலும் கதவு நிலை சரிவதுபோலத் தோன்றும். அறை அடங்கவில்லையென்றால் இரண்டு படங்களாக எடுப்பதில் தவறில்லை.

சன்னல் வெளிறுவதற்குக் காரணம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை நம் கண் சமாளிப்பதுபோல் கேமராவால் ஒரே படத்தில் சமாளிக்க முடியாததுதான். மேகமூட்டமான பகலிலோ, சூரியன் வீட்டின் மறுபக்கம் இருக்கும்போதோ எடுங்கள்; எச்டிஆர் வசதியை (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பது) இயக்கி, முக்காலியில் வைத்து, 2 வினாடி டைமரில் எடுத்தால் அசைவும் இராது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்; மஞ்சள் பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின், பகலொளி ஏறத்தாழ 5500 கெல்வின் என்பதால், இரண்டும் கலந்தால் ஒரே சுவர் பாதி மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் விழும்; ஆகவே பகலில் விளக்குகளை அணைத்துவிடுவதே என் வழக்கம். (முதலில் லென்ஸைத் துடையுங்கள். நானே இதை மறந்து ஒரு முழுக் காலையை வீணாக்கியிருக்கிறேன்.)

மறுமொழி 2:
ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். சிறிய குளியலறையில் 1 அளவில் எடுத்தால் குழாயும் நான்கு ஓடுகளும்தான் வரும், அங்கே 0.5 தவிர்க்க முடியாதது. நீள அகலத்தைப் படத்தின் கீழேயே எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். மேலும், ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தை அகற்றிவிடுங்கள். பற்கள் தெளிவாகத் தெரிந்தால் அதைப் பார்த்தே மாற்றுச்சாவி செய்துவிட முடியும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. படுக்கையறைச் சுவரில் பழைய நீர்க்கசிவின் கறை உள்ளது. அதைச் செயலியில் அழித்துவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். தரையில் கிடக்கும் செருப்பை அழிப்பது வேறு, சுவரின் குறையை அழிப்பது வேறு. கசிவு நின்றுவிட்டதென்றால் வண்ணம் பூசிவிட்டுப் படமெடுங்கள், பார்க்க வருபவரிடம் பழைய கசிவையும் சொல்லிவிடுங்கள். நிற்கவில்லையென்றால் கறையோடேயே போட்டு, அதைக் குறிப்பிலும் எழுதுங்கள். வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்கள் இருவரோடு நிற்கட்டும்.