கிளை பிரியும் பாடத்துக்கு ஸ்டோரிபோர்டு எழுதுவது எப்படி?

குழுவினருக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் புணர்ச்சி இலக்கணத்தை ஆன்லைன் பாடமாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். முதல் காணொளியைத் திட்டமே இல்லாமல் பதிவுசெய்தேன். நான் ‘விற்கொடி’ என்று சொல்லும்போது திரையில் ‘பூங்கொடி’ நின்றது. அன்றிலிருந்து ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிவாரியாக எழுதிய திட்டம், இல்லாமல் மைக்கைத் தொடுவதில்லை.

கூகுள் டாக்ஸில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன்: திரையில் வரும் படம், எழுத்து, என் குரல், மாணவர் செய்ய வேண்டியது. ஒரு வரிசைக்கு ஒரு காட்சி. எனக்குப் படம் வரைய வராது, குச்சி மனிதர்கள்தான். சொற்கள் சேரும்போது புது எழுத்து வரும் தோன்றல், எழுத்து மறையும் கெடுதல் இரண்டும் இதில் அழகாக அடங்கிவிட்டன.

ஓர் எழுத்து வேறாக மாறும் திரிதலில்தான் மாட்டிக்கொண்டேன். வில் + கொடி சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டு மூன்று விடைகள் தருகிறேன். ‘வில்கொடி’யைத் தொடுபவருக்கு லகரம் றகரமாகத் திரிவதைக் காட்ட வேண்டும், ‘வில்லுக்கொடி’ என்பவருக்கு வேறு விளக்கம். பிறகு எல்லோரும் ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். மேலிருந்து கீழே ஓடும் அட்டவணையில் இதை எப்படிக் காட்டுவது? 12அ, 12ஆ, 12இ என்று எண் போட்டுப் பார்த்தேன். எடிட்டிங் செய்யும் தம்பி மூன்றையும் வரிசையாக ஒட்டி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் எனக்கே புரியவில்லை.

நீங்கள் தனியே ஒரு பாய்வுப்படம் வரைந்துகொள்கிறீர்களா, பவர்பாயிண்டிலேயே இணைப்புகளோடு மாதிரி செய்துவிடுகிறீர்களா? நிரப்பிய பழைய ஸ்டோரிபோர்டில் ஒரு பக்கம் யாரிடமாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். காலிப் படிவம் வேண்டாம், அது என்னிடம் ஏழெட்டு இருக்கிறது.