காலேஜ் பிளேயர் போட்டோவைக் கடை விளம்பரத்துக்குக் கொடுத்தால் காசு வாங்கலாமா?

இனயம் லெஃப்ட் பேக் கேட்டது:

தம்பி நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படிக்கிறான். ஃபுட்பால், இரண்டாம் வருஷம், வயது 19. மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்காரர் அவன் படத்தை பிளக்ஸிலும் இன்ஸ்டாவிலும் போடணும், அவன் பேர் போட்ட ஜெர்சியும் விற்கணும் என்கிறார். 5,000 ரூபாயும் ஒரு ஜோடி பூட்ஸும் தருவாராம். கையெழுத்துக்குக் கொடுத்த தாளில் "அனைத்து ஊடகங்களிலும், கால வரம்பின்றி" என்று இருக்கிறது. காசு வாங்கினால் யூனிவர்சிட்டி டீமில் ஆட முடியாது என்று பி.டி. சார் சொல்கிறார். அதே காலேஜ், அட்மிஷன் பிளக்ஸில் அவன் படத்தைக் கேட்காமலே போட்டிருக்கிறது! அமெரிக்காவில் இதற்கெல்லாம் காசு உண்டாமே. இங்கே வாங்கலாமா? தாளில் எதை மாற்றணும்?

குழித்துறை கோர்ட் ரோடு:

வாங்கலாம், வாங்கணும். பி.டி. சார் பயப்படுவதை முதலில் பார்ப்போம். ஃபிஃபா விதிப்படி, கிளப்போடு எழுத்து ஒப்பந்தம் போட்டு, ஆடுவதற்காகத் தன் செலவுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்தான் புரொஃபஷனல். முகத்துக்காகக் கடைக்காரர் கொடுக்கும் காசு அந்தக் கணக்கில் சேராது. செவன்ஸில் (ஒரு பக்கம் ஏழு பேர் ஆடும் உள்ளூர் ஃபுட்பால்) இறங்கி ஆடக் காசு வாங்குவது வேறே, அதை இதில் போட்டுக் குழப்பாதீங்க. ஆனாலும் போட்டிக்குப் போட்டி விதி மாறும். "எந்த விதி, எத்தனையாவது பக்கம்" என்று சாரிடம் மரியாதையாகக் கேட்டு, அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

உரிமைக்கு வருவோம். ஆட்டோ சங்கர் வழக்கு என்று நம்மூரில் எல்லாருக்கும் தெரியுமே, அதில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அது அந்தரங்க உரிமையை மீறுவது. 2015-இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது, ஆள் அடையாளம் தெரிந்தால் போதும், மக்கள் ஏமாந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டாம் என்ற அடிப்படையில். அது பிரபலமானவர்களுக்கான உரிமை. இரண்டாம் வருஷ மாணவனுக்கு முதல் தீர்ப்புதான் பிடி.

ஒரு படத்தில் மூன்று பேர் உரிமை இருக்கும். முகம் தம்பிக்கு. போட்டோ, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன ஆள் இல்லாதபட்சத்தில், எடுத்தவருக்கு. மார்பில் உள்ள சின்னம் காலேஜுக்கு. உள்ளூர் டோர்னமெண்டில் யாரோ எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் இருந்து இறக்கி பிளக்ஸ் அடித்தால், தம்பி சம்மதித்த பிறகும் அந்த போட்டோகிராபர் கேட்டு வருவார். அதனால் கடைச் செலவில் புதிதாக எடுக்கச் சொல்லுங்க. சின்னம் இல்லாத பிளெய்ன் ஜெர்சி, காலேஜ் கிரவுண்டுக்கு வெளியே. காலேஜிடம் அனுமதி கேட்கிற வேலையே மிச்சம்.

கோல்போஸ்ட் கணக்கு:

அமெரிக்காக் கதையை அரைகுறையாகச் சொல்லி இங்கே ஒட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரம். கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக முன்னாள் பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் எட் ஓபேனன் 2009-இல் வழக்குப் போட்டார். ஒரு வீடியோ கேமில் அவரைப் போலவே ஒரு உருவம், அவர் பேர் இல்லை. ஆனால் அதே 31-ஆம் எண், அதே இடது கை. படிக்கிற பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் போதும் என்று அங்கே காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு வாதாடியது. மாணவ ஆட்டக்காரர் தன் பேருக்கும் படத்துக்கும் காசு வாங்கலாம் என்று 2019-இல் கலிபோர்னியா சட்டம் போட்டது, 2021 ஜூலை 1 முதல் என்.சி.ஏ.ஏ.வே வழிவிட்டது. நிறுத்தி வைத்திருந்த காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம் 2024-இல் திரும்ப வந்தபோது, சேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள். வேறொரு வழக்கில் 2025 ஜூனில் வந்த சமரசத் தீர்ப்புக்குப் பிறகு காலேஜே தன் விளையாட்டு வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், ஒரு காலேஜுக்கு முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

அங்கே டிவி உரிமைக்குக் கொட்டுகிற பணம் அது. தூத்தூரிலும் சின்னத்துறையிலும் ஊரே திரண்டு மேட்ச் பார்த்தாலும், இங்கே காலேஜ் ஃபுட்பாலுக்கு டிவிக்காரன் வரமாட்டான். ஆகவே காலேஜ் பங்கு கொடுக்கணும் என்ற கேள்வி நமக்கு இல்லை. கடைக்காரன் முகத்தை வைத்து விற்றால் முகத்துக்குக் கூலி, அவ்வளவுதான்.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது: இங்கிருந்து ஸ்காலர்ஷிப்பில் அங்கே போகிற பிள்ளைகள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பார்கள். அந்த மண்ணில் நின்று விளம்பர வேலை செய்து காசு வாங்கினால் விசாவுக்கே ஆபத்து. வக்கீலைக் கேட்காமல் கையெழுத்து கூடாது.

பிளக்ஸ் மேஸ்திரி:

தாளுக்கு வருவோம். "கால வரம்பின்றி" என்பதை அடித்துவிட்டு "6 மாதம்" என்று எழுதி, இரண்டு பேரும் ஓரத்தில் கையெழுத்துப் போடணும். "அனைத்து ஊடகங்களிலும்" என்பதற்குப் பதில்: கடை வாசல் பிளக்ஸ் இத்தனை, கடையின் இன்ஸ்டா பக்கம், வேறெங்கும் இல்லை. பெரும்பாலும் தகராறு வருவது இங்கேதான். இன்ஸ்டா பதிவுக்குச் சரி என்று சொல்வான் பையன், கடைக்காரர் அதைக் காசு கட்டி பூஸ்ட் செய்து ஆறு மாசம் ஓட்டுவார். பூஸ்ட் செய்ய தனிக் காசு என்று எழுதுங்க. கெடு முடிந்து 7 நாளில் பிளக்ஸ் இறங்கணும், யார் இறக்குவது என்பதையும் எழுதுங்க, இல்லையானால் வெயிலில் வெளுத்துக் கிழிகிறவரை அது அங்கேயே நிற்கும்.

ஜெர்சி விற்பனைக்கு மொத்தமாக 5,000 பேசாதீங்க. ஒரு ஜெர்சிக்கு இவ்வளவு என்று போட்டு, மாசம் ஒருமுறை பில் எண்ணிக்கை காட்டச் சொல்லுங்க. பாதிக் காசு கையெழுத்து அன்றே. முகத்தை ஏஐயில் மாற்றி வேறு பொருளுக்கு ஒட்டக்கூடாது என்று ஒரு வரி. வேறு கடைக்கோ ஆப்புக்கோ படத்தைக் கைமாற்றக்கூடாது என்று இன்னொரு வரி. காசு வைத்து ஆடும் ஆன்லைன் கேம் விளம்பரம் 2025 சட்டப்படி குற்றம், அதில் பையன் முகம் போய் மாட்டினால் தலைவலி.

"ஒப்பந்தம் முடிந்த பிறகும் முதலில் எங்களிடம்தான் கேட்கணும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா பாருங்க. ஜாகீர் கான் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்று சொல்லிவிட்டது. இருந்தாலும் பையனை மிரட்ட அது போதும், இப்பவே அடிச்சிருங்க.

இனயம் லெஃப்ட் பேக்:

நன்றி அண்ணே. அதே டீமில் இன்னொரு பையனுக்கு 17 தான். அவனையும் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் காலேஜ் பிளக்ஸுக்கு என்ன செய்வது? சண்டை போட்டால் சீட்டுக்கே வேட்டு வந்துவிடுமோ என்று வீட்டில் பயம்.

குழித்துறை கோர்ட் ரோடு:

17 வயதுப் பையன் போட்ட கையெழுத்து செல்லாது. அப்பாவோ அம்மாவோ போடணும்.

காலேஜ் விஷயத்தில் நோட்டீஸ் எல்லாம் வேண்டாம். முதலில் அட்மிஷன் பாரத்தைத் தேடி எடுங்க, போட்டோ பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு வரி அதில் இருக்கலாம். ஜெயித்த செய்தியை ஆண்டு மலரில் போடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. அட்மிஷன் பிளக்ஸ் விளம்பரம், அதற்குத் தனிச் சம்மதம் வேணும். பிடி சார் வழியாக பிரின்சிபாலுக்கு அரைப் பக்கக் கடிதம்: படம் இருப்பதில் சந்தோஷம், அடுத்த வருஷமும் பயன்படுத்துவதானால் ஹாஸ்டல் மெஸ் கட்டணத்தில் கழித்துத் தர முடியுமா என்று. ரொக்கமாகக் கேட்டால் ஆடிட் அது இது என்று இழுப்பார்கள், கட்டணத்தில் கழிப்பது அவர்களுக்கும் லேசு. நகலில் ஆபீஸ் சீல் வாங்க மறக்காதீங்க.