அடைமழையில் ஈனும் வெள்ளாடு: முதல் ஆறு மணி நேரத்தில் குட்டியைக் காப்பாற்றும் கைவேலைகள்

(பல ஊர்க்காரர்கள் மாறி மாறி எழுதியது. ஒவ்வொரு பகுதியின் மேலும் எழுதியவரின் ஊரும், ஆடு வளர்ப்பவரானால் அவருடைய ஆட்டினமும் இருக்கும். கன்னி, சேலம் கருப்பு, கொடி என்பவை வெள்ளாட்டு இனங்கள்.)

கோவில்பட்டி பக்கம், கன்னி ஆடு

ஆனி, ஆடியில் கிடா சேர்ந்த ஆடுகள் கார்த்திகை, மார்கழியில் ஈனும். சினைக்காலம் 150 நாள், ஐந்து நாள் முன்பின் ஆகும். கரிசல் மண்ணில் அந்த நேரம் தரை முழுக்க ஈரம், ராத்திரி வாடை. கன்னி ஆடு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். குட்டி ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வரைதான் இருக்கும். அந்த உடம்பு நனைந்தபடி கிடந்தால், நோய் எதுவும் வராமலே விடிவதற்குள் விறைத்துப்போகும். அதனால் ஈனப்போகும் நாளை முன்கூட்டியே பிடிப்பதுதான் முதல் வேலை.

மடியை மட்டும் நம்ப வேண்டாம். தலையீத்து ஆட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மடி விடும். பல ஈத்து கண்ட ஆட்டுக்குச் சில சமயம் ஈன்ற பிறகுதான் மடி நிறையும். வாலடியைத் தொட்டுப் பாருங்கள். வால் எலும்புக்கு இரண்டு பக்கமும் பென்சில் கனத்தில் விறைப்பான நார் ஓடும். தினமும் சாயங்காலம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அமுக்கிப் பழகினால் அதன் விறைப்பு கைக்குத் தெரிந்துவிடும். அது தளர்ந்து விரலுக்கே தட்டுப்படாமல் போய், இரண்டு பக்கமும் குழி விழுந்தால், அநேகமாக ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும். அன்றைக்கு மேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது. காட்டில் ஈன்றால் நாய், காக்கை, மழை மூன்றுமே எமன்.

ஒதுக்குகிற இடம் நாலு அடிக்கு ஐந்து அடி போதும். பழைய புழுக்கையை வழித்தெடுத்து, சுண்ணாம்புத் தூள் தூவி, மேலே இரண்டு அங்குலம் காய்ந்த மணல், அதன் மேல் வைக்கோல். பரண் கொட்டகை வைத்திருப்பவர்கள் இந்த ஆட்டைக் கண்டிப்பாகக் கீழே இறக்க வேண்டும். பெரிய ஆட்டுக்குச் சரியாக இருக்கிற பலகை இடுக்கில் பிறந்த குட்டியின் கால் நுழைந்து முறியும்.

ஓமலூர், சேலம் கருப்பு

அண்ணன் சொன்னதோடு கையில் வைத்துக்கொள்ள வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி, பருத்தி நூல், பிரிக்காத பிளேடு, டிங்சர் அயோடின், அதை ஊற்ற ஒரு சின்ன வாய்க் குப்பி, ரப்பர் கையுறை, டார்ச், காய்ச்சல் பார்க்கிற கருவி.

பனிக்குடம் உடைந்து ஆடு பலமாக முக்க ஆரம்பித்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் குட்டி வர வேண்டும். அடுத்த குட்டி பத்து நிமிடத்திலும் வரலாம், அரை மணியிலும் வரலாம். முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் படுத்த மூக்கும் தெரிந்தால் தொடவே வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தாலும் குட்டி பிழைக்கும். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி நசுங்கிக் குட்டி உள்ளேயே மூச்சிழுத்து, பனிநீரை நுரையீரலுக்குள் வாங்கிவிடும்.

முன்னங்காலா பின்னங்காலா என்று கண்டுபிடிக்கக் குளம்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடலாம். விரலை மேலே ஓட்டுங்கள். குளம்புக்கு மேலே உள்ள மூட்டும் அதற்கு அடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடிந்தால் முன்னங்கால். ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் மடிந்தால் பின்னங்கால்.

முக்கால் மணி முக்கியும் எதுவும் வரவில்லை என்றாலோ, ஒரே ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாலோ, வால் மட்டும் தட்டுப்பட்டாலோதான் கையை உள்ளே விட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மேல் திரவ பாரபின் தடவிக்கொள்ளுங்கள். கால் மடங்கியிருந்தால், ஆடு முக்காத இடைவெளியில் குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையால் பொத்தியபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பொத்தாமல் இழுத்தால் குளம்பு முனை கருப்பையைக் கிழித்துவிடும். இழுக்கும் முன் இரண்டு காலும் ஒரே குட்டியுடையதுதானா என்று மார்பு வரை தடவி உறுதி செய்யுங்கள். இரட்டையில் ஆளுக்கொரு கால் வெளியே நிற்பது நடக்கக்கூடியதுதான். ஆடு முக்கும்போது மட்டும், அதன் பின்முழங்கால் இருக்கும் கீழ்த்திசையில் இழுக்க வேண்டும். நேராகப் பின்னுக்கு இழுக்கக் கூடாது.

தலை திரும்பிக் கிடந்தாலோ, இருபது நிமிடத்தில் சரிசெய்ய முடியாவிட்டாலோ மேலும் குடையாதீர்கள். 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்சுக்குச் சொல்வார்கள், ஆனால் அகாலத்தில் அதையே நம்பி இருக்க முடியாது. பக்கத்து மருத்துவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உள்ளே கை விட்ட ஆட்டுக்கு, குட்டி நல்லபடி வந்திருந்தாலும், மருத்துவரைக் கேட்டு ஆன்டிபயாடிக் போடுவதுதான் நல்லது.

ராமநாதபுரம், கொடி ஆடு

குட்டி விழுந்ததும் பலர் முதலில் தொப்புளுக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் மூச்சு. மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியை விரலால் வழித்துவிட்டு, ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துவாரத்தில் லேசாக நுழைத்தால் தும்மும், தும்மினால் மூச்சு வந்துவிட்டது. பிறகு விலா எலும்பின் மேல் துணியால் அழுத்தித் துடையுங்கள். துடைத்த குட்டியைத் தாயின் மூக்குக்கு நேராக வைக்க வேண்டும், நக்குவது தாயின் வேலை. அது காய வைப்பதோடு நிற்பதில்லை, தன் குட்டி எது என்று ஆடு கற்றுக்கொள்வதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிப்போய் அரை நாள் கழித்துக் கொண்டுவந்தால் தலையீத்து ஆடு முட்டித் தள்ளும்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் கட்டி, அதற்கும் அரை அங்குலம் கீழே வெட்டி, அயோடின் குப்பியை வயிற்றோடு ஒட்டிக் கவிழ்த்து, கொடி முழுக்க நனையும்படி முக்குங்கள். பஞ்சில் தொட்டு வைப்பது போதாது. மறுநாளும் ஒரு முறை.

சின்னமனூர்

ஐயா, எங்கள் பக்கம் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பற்று போடுவார்கள். அயோடின் கிடைக்காத ஊரில் அது ஆகுமா?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர், தஞ்சாவூர்

தம்பி, எண்ணெய்ப் பற்று கொடியைக் காயவிடாது. ஈரமாக இருக்கும் கொடி வழியாகக் கிருமி ஏறினால் இரண்டாவது வாரத்தில் முழங்கால் மூட்டு வீங்கிக் குட்டி நொண்டும். ஈயும் மொய்க்கும். அயோடினின் வேலையில் பாதி கிருமியைக் கொல்வது, மீதி பாதி கொடியை உலர்த்துவது. மருந்துக்கடையில் இருக்கிற போவிடோன் அயோடின் திரவமாவது வாங்கி வையுங்கள். அதை முதல் இரண்டு நாளில் நாலைந்து முறை போட வேண்டியிருக்கும்.

இப்போது சீம்பால். இதில்தான் நான் பிடிவாதம் பிடிப்பேன். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குட்டியை ஊட்ட (மடியில் பால் குடிக்க) விட வேண்டும் என்று சில வீடுகளில் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்டின் கருப்பையில் நோய் எதிர்ப்புப் பொருள் தாயிடமிருந்து குட்டிக்குக் கடப்பதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் இருப்பதைக் குடல் அப்படியே உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிவிடும். முதல் ஊட்டு அரை மணிக்குள், தவறினால் ஒரு மணிக்குள். குட்டி ஊட்டுவதால் நஞ்சுக்கொடியும் சீக்கிரம் விழும்.

ஊட்டவிடும் முன் இரண்டு காம்பிலும் இரண்டு மூன்று பீய்ச்சு பீய்ச்சிவிடுங்கள். காம்பு நுனியில் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கும், சோனிக் குட்டியால் அதை உறிஞ்சி எடுக்க முடியாது. குட்டி காம்பைச் சப்புகிறது, குடிக்கிறது என்று ஆள் போய்விடுவார், வயிறு காலியாகவே இருக்கும். குடித்த குட்டியின் வயிறு பக்கவாட்டில் நிறைந்திருக்கும், உடம்பை நீட்டி முறித்துவிட்டுப் படுக்கும். குடிக்காத குட்டி முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருக்கும்.

கணக்கு இதுதான்: முதல் வேளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி. இரண்டு கிலோ குட்டிக்கு 100 மில்லி. முதல் நாளில் மொத்தம் கிலோவுக்கு 150 மில்லிக்குக் குறையாமல், நாலைந்து வேளையாக. புட்டியில் கொடுத்தால் குட்டியை நிற்க வைத்துக் கழுத்தைச் சற்றே தூக்கிக் கொடுங்கள். மல்லாத்திக் கொடுத்தால் பால் மூச்சுக்குழலில் இறங்கும். நிறையப் பால் உள்ள ஆட்டிடம் முதல் நாளில் உபரியாகக் கிடைப்பதை 50 மில்லி புட்டிகளில் உறைய வைத்தால் தாய் இறந்த குட்டிக்கு உதவும். உருக்கும்போது கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் காய்ச்சினால் எதிர்ப்புப் பொருள் கெட்டு, வெறும் பால்தான் மிஞ்சும்.

ஈனுவதற்கு ஒரு மாதம் முன் தாய்க்குத் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பும் இதே சீம்பாலில்தான் வருகிறது. சீம்பாலைத் தவறவிட்டால் ஊசி போட்ட பலனும் குட்டிக்குப் போய்ச் சேராது.

ஓமலூர், சேலம் கருப்பு

விறைத்துப்போன குட்டியைப் பற்றி ஐயா இன்னும் கொஞ்சம் எழுதினால் நல்லது. வாய் சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊற்றிக் கொல்வதை நிறையப் பார்க்கிறோம்.

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர், தஞ்சாவூர்

உண்மை. ஆசனவாயில் காய்ச்சல் பார்க்கிற கருவியை வைத்துப் பாருங்கள். 101 முதல் 103 பாரன்ஹீட் இருந்தால் சரி. 99-க்குக் கீழே போன குட்டிக்கு உறிஞ்சவும் விழுங்கவும் வலு இருக்காது, ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போகும், வயிற்றுக்குப் போனாலும் செரிக்காது. முதலில் சூடு, பிறகு பால்.

பிறந்து ஐந்து மணி நேரத்துக்குள் என்றால்: நன்றாகத் துடைத்து, அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வையுங்கள். குண்டு பல்பு மாட்டினால் மூன்று அடி உயரத்தில், வைக்கோலுக்கு எட்டாமல் கட்டுங்கள். முழுக்க நனைந்து விறைத்திருந்தால் முழங்கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கழுத்து வரை அமிழ்த்தி எடுத்து, ஒரு மயிரிலும் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். 99-ஐத் தாண்டித் தலையைத் தூக்கிய பிறகு சீம்பால்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகி, குடிக்காமலே விறைத்திருந்தால் கதை வேறு. உடம்பில் பிறக்கும்போது இருந்த கொழுப்பு தீர்ந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும். அந்த நிலையில் சூடு மட்டும் கொடுத்தால் ஜன்னி கண்டு சாகும். முதலில் மருத்துவர் வயிற்று வழியாகக் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும், அதன் பிறகே சூடு.

கோவில்பட்டி பக்கம், கன்னி ஆடு

தாயையும் மறக்க வேண்டாம். ஈன்றதும் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கைப்பிடி வெல்லம் கரைத்து வையுங்கள். பிறகு கம்பங்கஞ்சி, கடலைக்கொடி. அன்றைக்கே தானியத்தை அள்ளி வைத்தால் வயிறு உப்பும். நஞ்சுக்கொடி சாதாரணமாக ஆறு மணி நேரத்துக்குள் விழும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் மருத்துவர். தொங்குகிற கொடியில் செருப்போ கல்லோ கட்டி இழுக்க விடவே கூடாது, கருப்பையே பிதுங்கி வந்துவிடும். விழுந்ததை ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கரு கலைந்த ஆடாக இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வர வேண்டாம். சில கருச்சிதைவு நோய்கள் மனிதருக்கும் ஒட்டும்.

ராமநாதபுரம், கொடி ஆடு

ஒரு சின்ன விஷயம், ஆனால் குட்டி சாகிறது. முதல் நாள் கருப்பு மலம் போன பிறகு சீம்பால் மலம் மஞ்சளாக, பசை போல ஒட்டும். வாலை ஆசனவாயோடு சேர்த்து ஒட்டிக் காய்ந்துவிடும். குட்டி முக்கும், வயிறு வீங்கும், ஊட்டாது. பிய்த்து எடுத்தால் தோல் உரியும். வெந்நீர்த் துணியை ஐந்து நிமிடம் வைத்து ஊறவிட்டு வழித்து, தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். முதல் வாரம் முழுக்க தினமும் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

மழைக்குப் பயந்து குட்டிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்களுக்கு: காற்று அடிக்காமல் இருக்க வேண்டும், காற்று புகாமல் இருக்கக் கூடாது. மூத்திர நெடி ஏறினால் மூன்றே நாளில் சளி பிடிக்கும். மேற்புறம் ஒரு சாண் திறந்து விட்டு, அடியில் உள்ள மணலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். மணலை மாற்றாத கூண்டில் மழை விட்டதும் தெள்ளு ஏறும். குட்டியின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், சிவப்புப் போய் வெளுத்திருந்தால் தெள்ளு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரிய ஆட்டுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குட்டி மேல் தெளிக்காதீர்கள். கூண்டைக் காலி செய்து தரையில் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வெயில் காயவிட்டுப் புது மணல் போடுங்கள். குட்டி உடம்பில் இருப்பதைச் சீப்பால் வாரி எடுத்து வெந்நீரில் போடலாம்.