இடியில் போன கேமிங் பிசி: ஏஎம்4-இலேயே இருப்பதா, ஏஎம்5-க்கு மாறுவதா?

ஹட்டன்_கேமர்
போன வாரம் பின்னேரம் இடிமழை. பிசியை ஆஃப் செய்திருந்தேன், பிளக்கைக் கழற்றவில்லை. பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் பட்டனை அழுத்தினால் ஃபேன் கூடச் சுற்றவில்லை. பவர் சப்ளையும் பி450 மதர்போர்டும் போய்விட்டன என்று ரிப்பேர் கடையில் சொன்னார்கள். 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டையும் 16 ஜிபி டிடிஆர்4 ரேமையும் நண்பனுடைய இன்டெல் மெஷினில் போட்டுப் பார்த்தோம், ஓடுகின்றன. ஏஎம்டி புரொசசரான ரைசன் 5 2600-ஐ மட்டும் அதில் சோதிக்க வழியில்லை. கொழும்பில் கடை வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது. இப்போது எதை வாங்குவது? என்னுடைய ஏஎம்4-இலேயே (ஏஎம்டி புரொசசர் பொருந்தும் பழைய சாக்கெட்) இருப்பதா, புதிய ஏஎம்5-க்கு மாறுவதா?

பண்டாரவளை_பனி
ஏஎம்5-க்குப் போங்கள். ஏஎம்4 ரைசன் 2017-இல் வந்தது, அதன் காலம் முடிகிறது. ஏஎம்5-க்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. இன்றைக்கு ரைசன் 7600 புரொசசர் போட்டால் பிறகு போர்டைத் தொடாமல் புரொசசரை மட்டும் மாற்றலாம்.

சோல்டரிங்_அண்ணன்
ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டும்தான் ஏற்கும். தம்பி கையில் இருக்கும் 16 ஜிபி பயனில்லாமல் போகும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தை மறந்துவிட்டீர்களா? 1660 சூப்பரை வைத்துக்கொண்டு 7600 போட்டாலும் பெரிய கேம்களில் அந்தக் கார்ட்தான் இழுத்துப் பிடிக்கும். பாவித்த பி450 போர்டு ஒன்று போதும்.

பண்டாரவளை_பனி
சரி, ஏஎம்4 என்றே வைப்போம். புதுசாகக் கிடைக்கும் பி550 போர்டை வாங்கி 2600-ஐப் போட்டுப் பார்க்கட்டும். பாவித்த பி450-ஐ நம்பி எப்படிக் காசைக் கொடுப்பது?

சோல்டரிங்_அண்ணன்
பி550-இல் 2600-க்கு ஏஎம்டியின் ஆதரவு இல்லை. அதில் போட்டு பிசி எழும்பாவிட்டால் பழுது போர்டிலா புரொசசரிலா என்று கண்டுபிடிக்க முடியாது. பாவித்த போர்டைப் பற்றிய உங்கள் பயம் நியாயம்தான். கொழும்பில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் யுனிட்டி பிளாசா பக்கம் போனால் 2600-ஐக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். எழும்பினால் புரொசசர் செலவே இல்லை. அதே 2600-ஐ வைத்து போர்டின் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்துகொண்டால், காசு சேரும்போது அதே போர்டில் ரைசன் 5600 புரொசசர் போடலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. வீட்டுச் சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா, தம்பி? மூன்று துவாரம் இருக்கும், மேல் துவாரத்தின் பின்னால் வயரே இருக்காது. பழைய தோட்ட லயத்து வீடுகளில் இதை நானே பல தடவை கண்டிருக்கிறேன். ட்ரிப் சுவிட்ச் ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றும், இடியிலிருந்து பிசியைக் காப்பாற்றாது. திடீர் மின் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் எர்த் இல்லாவிட்டால் பாதி வேலைதான் செய்யும். நம் பக்கம் கல்லுத் தரை, எர்த்துக்கு ஒரு கம்பியை அரைகுறையாக இறக்கினால் போதாது. முதல் காசு அதற்கு, அடுத்தது தரமான 550 வாட் பவர் சப்ளைக்கு. டெலிபோன் கம்பி வழி இன்டர்நெட் என்றால், இடி கேட்டதும் ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள்.

பண்டாரவளை_பனி
எர்த் விஷயத்தில் எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் 2600 செத்திருந்தால் ஏஎம்4-இல் ஒரு ரூபாய் கூடப் போடக்கூடாது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஹட்டன்_கேமர்
மெயினை ஆஃப் செய்துவிட்டு சுவர் பிளக்கைத் திறந்து பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி, எர்த் வயரே இல்லை. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். அதற்குப் பிறகுதான் 2600-ஐ எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறுவேன்.